முதல் மூன்று வருடச் சோறு

தச்சு வேலை கற்றுக்கொள்ள இப்போது யார் வருகிறார்கள் என்ற சலிப்பைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தப் பட்டறை வாசலிலும் கேட்கலாம். அறந்தாங்கியானாலும் ஆலங்குடியானாலும் பொன்னமராவதியானாலும் பேச்சு ஒன்றுதான். பையன்களுக்கு உடம்பு வணங்கவில்லை, போன் பிடித்த கை உளி பிடிக்காது, பிளாஸ்டிக் கதவு வந்து தொழிலைத் தின்றுவிட்டது என்று காரணங்கள் வரிசையாக வரும். இந்தத் தொழிலோடு நீண்ட காலம் புழங்கியவன் என்ற முறையில் இவற்றில் எதையும் முதற்காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை. உடம்பு வணங்காதவர்கள் சிங்கப்பூரில் கம்பி கட்டவும் வளைகுடா வெயிலில் பலகை அடிக்கவும் போகமாட்டார்கள். இந்த மாவட்டத்துப் பையன்கள் ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். ஒருவன் நம்பி வேலை கொடுக்கத்தக்க தச்சனாக ஆவதற்கு ஏறத்தாழ மூன்று வருடம் பிடிக்கும். அந்த மூன்று வருடம் அவனுக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்விக்கு முன்பு ஒரு பதில் இருந்தது. இப்போது இல்லை. ஆள் வராததற்கு அடிப்படை அதுதான் என்பது என் கட்சி. பழைய பதிலை நினைத்துப் பெருமைப்படவும் ஒன்றுமில்லை. அப்பனோ, பெரியப்பனோ, தாய்மாமனோ போட்டார்கள். ஆசாரி வீட்டுப் பிள்ளை ஆசாரியானதற்கு ரத்தத்தில் ஊறிய கலை என்று விளக்கம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து ரத்தத்தில் ஊறியது எதுவுமில்லை; மூன்று வருடச் செலவைத் தாங்க அவனுக்கு ஒரு வீடு இருந்தது, மற்றவனுக்கு இல்லை. சாதி இந்தத் தொழிலின் வாசலை அடைத்து வைத்திருந்தது என்று சொன்னால், அடைத்த தாழ்ப்பாள்களில் ஒன்று இந்தச் சோற்றுக் கணக்கு.

நினைவில் இருக்கும் பழைய பட்டறையின் ஒழுங்கைச் சொன்னால் இது விளங்கும். டிராக்டர் பரவலாகும்வரை கிராமத்துத் தச்சரின் வருமானம் ஏரிலும் வண்டியிலும் இருந்தது. கலப்பை, மேழி, நுகத்தடி, கருவேல மரத்தில் வண்டிச் சக்கரம், அதன் குடம், ஆரக்கால், வட்டை. வேளாண் வேலைக்குக் கூலி களத்தில் நெல்லாக அளக்கப்படும். நிலை, கதவு, ஜன்னலுக்குக் காசு. நிலை வைக்கிற அன்று வேட்டி துண்டு தனி. கற்றுக்கொள்ள வந்தவன் முதலில் இழைப்புச் சுருளைப் பெருக்குவான், மரத்தின் மறுமுனையைப் பிடிப்பான், உளி தீட்டுவான். உளி தீட்டுவதற்கே மாதக்கணக்கு. கோணம் மாறாமல் தீட்ட வராதவன் கையில் மரத்தைக் கொடுக்கமாட்டார்கள். பிறகு இழைப்புளி, அதற்கப்புறம் துளை அடிப்பது, காடி என்ற பள்ளம் எடுப்பது, துளையில் நுழையும் கழுந்தை அறுப்பது. அளவு போட்டுக் கோடு கிழிக்கிற வேலை கடைசியில்தான் கைக்கு வரும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். நிலையில் அரை நூல் தவறினால் கதவு வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டும். துளை இடம்மாறி விழுந்த நிலைக்கால் விறகுக்குத்தான் ஆகும், அந்த நட்டம் பட்டறைக்காரர் தலையில். ஆக, கற்றுக்கொள்கிற காலத்தில் பையன் சம்பாதிப்பதும் இல்லை, செலவும் வைக்கிறான், ஆசிரியருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்கிறான். இத்தனையையும் ஒரு குடும்பம் பொறுத்தது, பின்னால் அவன் அந்தக் குடும்பத்துக்கே உழைப்பான் என்ற நம்பிக்கையில். மகன் பொறியியல் கல்லூரிக்கும் மருமகன் வெளிநாட்டுக்கும் போனபிறகு அந்த நம்பிக்கைக்கு வேலையில்லாமல் போயிற்று. போனதில் தவறொன்றுமில்லை.

மூன்று வருடம் எதற்கு, மிஷின் வந்தபிறகுமா என்று கேட்பார்கள். மிஷின் அறுக்கும், இழைக்கும், துளை போடும்; மரம் அடுத்த மழைக்காலத்தில் என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. மரம் வெட்டிய பிறகும் அசைந்துகொண்டே இருக்கிற பொருள். காற்றின் ஈரத்தை வாங்கிப் பருக்கும், வெயிலில் விட்டுச் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் விளையாட்டெல்லாம். அதிலும் ஆண்டு வளையத்தைத் தழுவிப் போகிற திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பலகை கிண்ணம்போல வளைவதற்கு இந்த வித்தியாசமே காரணம். புதுக்கோட்டைச் சீமையின் தட்பவெப்பம் இதற்கு ஏற்ற சோதனைக்களம்: சித்திரை வைகாசியில் வறட்டு வெக்கை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பங்குனி வெயிலில் இறுக்கமாக இழைத்து மாட்டிய கதவு கார்த்திகையில் திறக்காது. கார்த்திகையில் கச்சிதமாக மாட்டியது சித்திரையில் விரல் நுழையும் சந்து காட்டும். இதற்குத் தச்சர்கள் கண்ட வழி, கதவின் சட்டங்களில் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல் காடிக்குள் மிதக்க விடுவது. சட்டம் அசையாமல் நிற்கும், பலகை தன் இஷ்டத்துக்குச் சுருங்கி விரியும். எந்த மரத்துக்கு எவ்வளவு இடம் விடுவது, நடுமரமான வைரம் எவ்வளவு, வெளிமரமான வெள்ளை எவ்வளவு, எந்தப் பலகை பச்சை, எது ஆறியது என்பதைக் கண்ணும் கையும் சேர்ந்துதான் படிக்கின்றன. இரண்டு மூன்று மழைக்காலமும் கோடையும் தான் செய்த வேலையைத் திரும்பப் போய்ப் பார்க்காதவனுக்கு அந்தப் படிப்பு வராது. மூன்று வருடம் என்ற கணக்கு இங்கிருந்து வருகிறது, குருபக்தியிலிருந்து வரவில்லை.

சான்றுக்கு வெளியூர் போகவேண்டாம். திருமயம் வட்டாரத்து நகரத்தார் ஊர்கள் இருக்கின்றன: ராயவரம், கோனாப்பட்டு, குழிபிறை, நச்சாந்துபட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இரண்டாம் உலகப் போருக்கு முன்வரை கட்டிய அந்த வீடுகளில் பர்மாத் தேக்கு நிலைகளும் தூண்களும் இன்றும் மூட்டு விலகாமல் நிற்கின்றன. தேக்கு நல்ல தேக்கு என்பது பாதிக் காரணம். மீதி, அதைக் காயவைத்து, காலம் பார்த்துப் பூட்டிய கைகள். வீட்டைப் பிரித்துக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வரும் கதவுகளைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பூட்டுகளின் நேர்த்தி தெரியும். இந்த மாவட்டத்து ஆவுடையார்கோயிலைக்கூடச் சாட்சிக்குக் கூப்பிடலாம். கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் கல் கொடுங்கையைப் பார்த்துவிட்டு எல்லாரும் கல்தச்சரைப் புகழ்கிறார்கள், நியாயம்தான். ஆனால் கல்லில் அவர் காட்டியிருப்பது ஒரு மரக்கூரையை: கைமரம், குறுக்குச் சட்டம், ஆணி உட்பட. மரவேலை தெரிந்த ஒருவரைப் பார்த்துச் செய்த கல்வேலை அது.

பழங்காலப் பெருமை போதும், இன்றைக்கு மரம் எங்கே என்று கேட்டால் அதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலா விளைகிற பூமி. பலா மரம் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் மட்டுமானதல்ல; நிலை, கதவு, கட்டில் எல்லாவற்றுக்கும் ஆகும். அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து வருடம் போகப்போகப் பழுப்பேறி அழகு கூடும். வேம்பு, பூவரசு, வாகை, வரப்பில் வளர்த்த நாட்டுத்தேக்கு என்று மற்றவையும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது இந்தப் பகுதியில் தென்னையோடு பலாவும் மாவும் தேக்கும் வேரோடு சாய்ந்தன. பலர் வந்த விலைக்கு மரத்தைக் கொடுத்துத் தலைமுழுகினார்கள். அன்றிருந்த நிலையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விழுந்த மரத்தை உடனே பலகையாக அறுத்து, இடைக்கட்டை வைத்து அடுக்கி, நிழலில் ஆறப்போட ஊருக்கு ஒரு பட்டறையும் நான்கு தெரிந்த கைகளும் இருந்திருந்தால், பல வருடத்துக்கான கதவு மரம் உள்ளூரிலேயே தங்கியிருக்கும். தச்சர் பஞ்சத்தின் விலையை விவசாயியும் கொடுக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

இனி மறுப்புகள். முதலாவது, காலம் மாறிவிட்டது என்பது. யு.பி.வி.சி. ஜன்னல், ஃபைபர் கதவு, பிளைவுட்டில் மைக்கா ஒட்டிய அலமாரி இவைதான் இன்றைய வீடு. நிலைக்கதவு ஒன்றுக்காக ஒருவன் மூன்று வருடம் தவம் கிடக்கவேண்டுமா? கேள்வியில் உண்மை இருக்கிறது. குளியலறைக்கு மரக்கதவு போடச்சொல்லி நானும் வாதாடமாட்டேன். இன்று தச்சு என்று ஒரே பெயரில் மூன்று தொழில் நடக்கிறது: கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங், பிளைவுட் உள்ளலங்கார வேலை, மரவேலை. வளைகுடா வேலை விளம்பரங்களில்கூட ஷட்டரிங் கார்பென்டர் வேறு, ஃபர்னிச்சர் கார்பென்டர் வேறு. சிங்கப்பூர் கட்டுமானத் திறன் தேர்விலும் பலகை அடிப்பதற்குத் தனிப் பிரிவு உண்டு. இப்போது கவனிக்கவேண்டியது, இந்த மூன்றில் ஆள் பஞ்சம் எதில் என்பது. சென்ட்ரிங்குக்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், வருகிறார்கள். அங்கே பலகை தூக்கிக் கொடுப்பவனுக்கும் முதல் நாள் சாயங்காலமே கூலி. உள்ளலங்கார வேலையில் சில மாதத்தில் கூலி நிற்கும். அதற்கும் ஆள் கிடைக்கிறது. வடமாநிலக் குழுக்கள் புதியவனையும் சேர்த்துக் கூட்டி வருகின்றன. தங்கல், சமையல் பொதுவில் நடப்பதால் அவன் சாப்பாடு குழுவின் கணக்கில் அடங்கிவிடுகிறது என்பது நான் கவனித்தவரை உண்மை. கூலி எந்த நாளில் தொடங்குகிறதோ அந்த நாள் தள்ளிப்போகப்போக ஆள் குறைகிறது. சோம்பேறித்தனம் காரணமாக இருந்தால் மூன்றிலும் பஞ்சம் இருக்கவேண்டும். மேலும், பிளைவுட் வேலையில் உயர்ந்த கூலி வாங்குகிறவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் மரத்தில் கற்றுப் பிளைவுட்டுக்கு வந்தவர்கள். எதிர்ப்பக்கமாகப் போனவர்கள் அரிது.

இரண்டாவது மறுப்பு, ஐ.டி.ஐ. இருக்கிறதே என்பது. எட்டாம் வகுப்புத் தேறியவர் சேரக்கூடிய ஓராண்டுத் தச்சர் பிரிவு மத்தியப் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. பட்டறையில் யாரும் உட்கார்ந்து சொல்லித் தராத வரைபடம் படித்தல், கனஅடிக் கணக்கு, மிஷின் பாதுகாப்பு மூன்றும் அங்கே ஒழுங்காக வரும். ரம்பத்தில் விரல் போகாமல் இருப்பதற்காகவே அந்தப் படிப்பு வேண்டும் என்பேன். ஆனால் ஒரு வருடத்தில் ஒரே ஒரு மழைக்காலம்தான் வரும். அதற்குப் பிறகு பட்டறையில் இரண்டு வருடம் பழகவேண்டும், அதற்கென்றே 1961இன் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. 2019இல் திருத்திய விதிகள் பழகுநரின் படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய்வரை உதவித்தொகையை வகுத்தன. அதில் கால்பங்கை, 1,500 ரூபாய் வரம்புக்குள், மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. சிக்கல் எங்கே என்றால், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பழகுநரை எடுக்கும் கட்டாயம். நான்கு முதல் 29 பேர் உள்ளவை விரும்பினால் எடுக்கலாம். நான்கு பேர்கூட இல்லாத பட்டறை கணக்கிலேயே வராது. புதுக்கோட்டையில் மரவேலைப் பட்டறை என்பது ஒரு மேஸ்திரி, ஒரு கையாள், வேலை கூடினால் இன்னொருவர். கற்றுக்கொடுக்கத் தெரிந்த இடங்களை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டுச் சட்டம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. கற்பவனைப் பட்டறையில் வைத்துப் பழக்கு என்று சொல்வது குலக்கல்வியைப் புறவாசலால் கூட்டி வருவதாகாதா? 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்சப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் கொண்டுவந்தது. எதிர்ப்பில் அவரது ஆட்சியே முடிந்து, 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டார். அந்த நினைவு இங்கே இன்னும் சூடாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 2023 செப்டம்பர் 17இல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களில் தச்சையும் சேர்த்து, 15,000 ரூபாய்க் கருவி உதவி, 5 சதவீத வட்டியில் இரு தவணையாக 3 லட்சம் கடன், சில நாள் பயிற்சி என்று அறிவித்தபோது, குடும்பத் தொழிலாகச் செய்பவருக்கே என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. பதிலுக்கு 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது: 25 தொழில்கள், சாதியோ குலத்தொழிலோ பார்ப்பதில்லை, 3 லட்சம் வரை கடன், 50,000 ரூபாய்வரை மானியம், வயது 35க்கு மேல். படிக்கிற வயதில் யாரையும் உளிக்குத் தள்ளிவிடக்கூடாது என்ற கவலை அந்த வயது வரம்பில் தெரிகிறது. அந்தக் கவலையை நான் முழுக்கப் பங்கிட்டுக்கொள்கிறேன். ஆனால் இரண்டு திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பொது ஓட்டை தெரியும். இரண்டும் ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்கு உதவுகின்றன. தொழில் தெரியாத ஒரு பதினெட்டு வயதுப் பையனோ பெண்ணோ உள்ளே வர இரண்டிலும் வாசல் இல்லை. வாசல் இல்லாதபோது நடப்பது என்ன? அப்பன் சோறு போடக்கூடிய வீட்டிலிருந்து மட்டும் ஒன்றிரண்டு பேர் வருவார்கள். குலத்தொழில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குலத்தைத் தவிர வேறு யாரும் வரமுடியாத நிலையை அப்படியே விட்டுவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பயிற்சிக் காலத்துக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவித்தொகை கொடுப்பதுதான் குலக்கல்விக்கு நேர் எதிரான காரியம்.

வயது முற்றினால் கை வளையாது, பத்து வயதில் தொடங்கவேண்டும் என்று சில பெரியவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம், 18 வரை ஆபத்தான வேலைகள் கூடாது. அறுவை மிஷின் நிற்கிற இடத்தில் அந்த எச்சரிக்கை மிகவும் தேவை. ஜெர்மனியில் தச்சுப் பயிற்சி பள்ளிப் படிப்பு முடிந்த பிறகே தொடங்குகிறது. மூன்று வருடம், பட்டறையிலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறி, உதவித்தொகையோடு. அதற்குக் குறைந்தபட்ச அளவை 2020 முதல் சட்டமே வைத்திருக்கிறது. உலகத்தரமான மிஷின்கள் உள்ள நாட்டிலும் மூன்று வருடம்தான் என்பதையும், பத்து வயதில் தொடங்காத கைகளும் வளைகின்றன என்பதையும் இங்கே கவனிக்கலாம். பழக வந்தவனை மேஸ்திரி காலமெல்லாம் பெருக்கவும் டீ வாங்கவும் வைத்துக்கொள்வார் என்ற பயமும் பொய்யல்ல. பழைய பட்டறைகளில் அது நடந்தது. பணம் பழகுபவர் கணக்குக்கு நேராகப் போகவேண்டும், கற்றுக்கொடுப்பதற்கென்று மேஸ்திரிக்கும் ஒரு தொகை வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியாள் வந்து ஒரு கழுந்துப் பூட்டையும் ஒரு இழைத்த பலகையையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பத்துப் பட்டறைகளை ஒரு குழுவாகப் பதிந்து அதன் பெயரில் பழகுநரைச் சேர்த்தால் நான்கு பேர் என்ற தடையும் விலக வழி பிறக்கும். இதற்கு ஆகும் செலவு ஒரு மாவட்டத்துக்குப் பெரிய தொகையே அல்ல.

அதுவரை காத்திருக்க முடியாமல் இன்றே உள்ளே வர நினைப்பவருக்கு என் அனுபவம் சொல்வது: பத்தாவதாவது முடித்துவிட்டு வாருங்கள், முடிந்தால் ஐ.டி.ஐ. வழியாக. மரமும் பிளைவுட்டும் இரண்டும் செய்கிற பட்டறையாகத் தேடுங்கள். பிளைவுட் வேலை சீக்கிரம் கூலி தரும், மரம் தொழிலைத் தரும். சேரும்போதே எந்த மாதத்திலிருந்து எவ்வளவு என்று பேசிவிடுங்கள், பேசக் கூச்சப்படாதீர்கள். மிஷின் வாங்கப் பறக்கவேண்டாம். நல்ல உளி நான்கு, இழைப்புளி ஒன்று, கொட்டாப்புளி, மூலமட்டம் முதலில் போதும். 18 நிறைந்ததும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள், விபத்து சொல்லிக்கொண்டு வராது. பெண்களுக்கு இந்த வேலை ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். உப்புத்தாள் தேய்ப்பதற்கும் பாலிஷுக்கும் அவர்களைக் கூப்பிடுகிற பட்டறைகள் உளியை மட்டும் கொடுக்காததற்கு வழக்கத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிலைக்கும் கதவுக்கும் மேஸ்திரியிடம் கூலி பேசும்போது, கூட வரும் கற்றுக்குட்டி எத்தனை பேர் என்று கேட்டு, அதில் ஒருவருக்காவது அரைக்கூலி சேர்த்துப் பேசுங்கள். மொத்த வீட்டுச் செலவில் அது கண்ணில் படாத தொகை.